வாய்ப்புண் வேறு, உதட்டுக் கொப்புளம் வேறு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். சமிபாட்டுத் தொகுதியைப் படிப்பிக்கும்போது, கடந்த ஒரு வருடத்துக்குள் வாய்ப்புண் வந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று ஒவ்வொரு புதிய வகுப்பிடமும் கேட்பேன். கையுயர்த்தாதவர்களை எண்ணுவதே எளிதாக இருக்கும். காய்ச்சலுக்குப் பிறகோ வெயிலில் அலைந்த பிறகோ உதட்டோரத்தில் கொப்புளம் போட்டவர்கள் யார் என்று அடுத்துக் கேட்டால், கைகள் குறைவாகவும் தயக்கத்தோடும் உயரும். சிலர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டுவிடுவர். இந்த இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தால், வீண் வலியும் வீண் செலவும் வீண் அவமானமும் பெருமளவு குறையும் என்று நம்புவதாலேயே இதை எழுதுகிறேன்.

திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண் உலகெங்கும் சராசரியாக ஐந்தில் ஒருவரைத் தொல்லைப்படுத்துகிறது. பெரும்பாலானோருக்கு அது பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில் தொடங்கி, வயது ஏற ஏறத் தானாகவே குறைந்துவிடுகிறது. ஆகவே எந்த ஊரில் விசாரித்தாலும் மாணவப் பருவத்தினரிடம் அது கூடுதலாகத் தென்படுவதில் வியப்பில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1960 இல் வெளியிட்ட ஆய்வொன்று, தொழிற்றுறைப் படிப்பு மாணவர்களிடம் வாய்ப்புண்ணையும் உதட்டுக் கொப்புளத்தையும் சேர்த்தே விசாரித்தது. அவர்களில் பாதியளவினருக்கு வாய்ப்புண் வந்த அனுபவம் இருந்தது. நித்திரைக் குறைவும் பரீட்சைப் பயமும் நேரந்தவறிய சாப்பாடும் ஒன்றுசேரும் பருவம் அது.

எனக்கு வாய்ப்புண் சாதாரண தரம் படித்த காலத்தில் தொடங்கியது. அம்மாவுக்கும் இளவயதில் அப்படியே இருந்ததாம். இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு நாற்பது பேரளவில் குடும்பத்திலும் யாருக்கேனும் இருக்கும் என்பதைப் பின்னர்தான் வாசித்தேன். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விடுதியில் இருந்த வருடங்களில் அது வழமையான விருந்தாளியாகிவிட்டது. முதல் நாள் நாக்கின் நுனி பட்டால் சுள்ளென்று ஓர் எரிவு மட்டும் இருக்கும். மறுநாள் கீழுதட்டை மடித்துக் கண்ணாடியில் பார்த்தால், வேட்டைப் பல்லுக்கு நேரே, மிளகளவில், சாம்பல் கலந்த மஞ்சள் நிறத் தரையோடும் சுற்றிலும் சிவந்த விளிம்போடும் புண் தெரியும். மூன்றாம் நான்காம் நாட்களில் விடுதிச் சாப்பாட்டின் மிளகாய்க் குழம்பு பட்டால் கண்ணில் நீர் வரும். விரிவுரையில் எழுந்து கேள்வி கேட்கக்கூட மனம் வராது. ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் தழும்பே இல்லாமல் ஆறிவிடும். நூற்றில் எண்பது பேருக்கு மேல் வருவது இந்தச் சிறிய வகைதான். ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டிய பெரிய புண்கள் சிலருக்கு வரும். அவை வாரக்கணக்கில் நின்று தழும்பையும் விட்டுச் செல்லும். குண்டூசித் தலையளவில் பத்து, இருபதாகக் கூட்டமாக எழும் வகையும் உண்டு.

விடுதி அறையில் கட்டிலுக்கு மேலே தொங்கிய நாட்காட்டியில், புண் தொடங்கிய நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அதற்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் குறித்து வரத் தொடங்கினேன். சில மாதங்களில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. பரீட்சைக்கு முந்திய வாரங்களில் வட்டங்கள் நெருங்கி நின்றன. அவசரமாகச் சாப்பிட்டு உட்கன்னத்தைக் கடித்த நாட்களும், பொரித்த மீனின் முள்ளோ முறுக்குத் துண்டோ முரசில் குத்திய நாட்களும், பல் துலக்கும்போது தூரிகை வழுக்கி இடித்த நாட்களும் மற்றவற்றில் பெரும்பகுதியாக இருந்தன. சாதாரண ஆளுக்கு அந்தக் காயம் சில நாட்களில் ஆறிவிடும். இந்தத் தன்மை உள்ளவருக்கோ காயம் பட்ட இடத்தை உடலின் நோயெதிர்ப்புக் கலங்களே தாக்கிப் புண்ணாக்கிவிடுகின்றன. மென்மையான தூரிகையும் அவசரமில்லாத சாப்பாடும் என் விடயத்தில் எந்த மருந்தையும்விடக் கூடுதலாக உதவின.

அடுத்த மாற்றம் பற்பசை. சந்தையில் உள்ள பெரும்பாலான பற்பசைகளில் நுரை வருவதற்காகச் சோடியம் லோரைல் சல்பேற்று என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். வாயின் உட்தோலைக் காக்கும் மெல்லிய சளிப்படையை அது கரைத்துவிடுவதாகக் கருதப்படுகிறது. அது சேராத பற்பசைக்கு மாறியவர்களுக்குப் புண்களின் எண்ணிக்கையும் வலியும் குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியின் பின்பக்கத்தை வாசித்து ஒரு குழாயை மாற்றிப் பார்ப்பதற்குப் பெரிய செலவு இல்லை என்பதால், அடிக்கடி புண் வரும் மாணவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

இப்போது உதட்டுக் கொப்புளத்துக்கு வருகிறேன். இது ஹேர்ப்பீஸ் வைரசால் வருவது. முதலில் உதட்டு ஓரத்தில், தோலும் சிவப்பும் சேரும் கோட்டில், ஒரு குறுகுறுப்போ எரிவோ தோன்றும். சில மணித்தியாலங்களிலிருந்து இரண்டு நாட்களுக்குள் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக எழும். பின்னர் உடைந்து, நீர் கசிந்து, தேன் நிறப் பொருக்குக் கட்டி, ஏழு முதல் பத்து நாட்களில் ஆறும். அடுத்த முறையும் பெரும்பாலும் அதே இடத்திலேயே வரும், ஏனெனில் முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சில் அந்த வைரசு வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடந்து, எழும்போது அதே நரம்பின் வழியாக இறங்கி வருகிறது. காய்ச்சல், தடிமன், கடும் வெயில், மாதவிடாய், மன அழுத்தம் ஆகியவை அதை எழுப்புவன.

எங்கள் பக்கத்தில் அதை எழுப்பும் முக்கிய காரணங்களில் வெயிலையும் காற்றையும் முதலில் வைப்பேன். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் உதடு வெடித்து வரண்டு போகும். வெறுந்தலையோடு துவிச்சக்கர வண்டியில் வாவிக்கரையால் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளிடமும், இல்ல விளையாட்டுப் போட்டிக்காக நாள் முழுவதும் மைதானத்தில் நிற்பவர்களிடமும் இதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். விளிம்புள்ள தொப்பியும், சூரியக் கதிரைத் தடுக்கும் உதட்டுக் களிம்பும் உண்மையாகவே பயன் தரும். அந்தக் களிம்பை ஒருவர் மட்டும் பூச வேண்டும். விடுதியில் நான்கைந்து பேர் ஒரே குச்சியைச் சுற்றிச் சுற்றிப் பூசும் பழக்கத்தை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

கொப்புளத்தை விடப் பேச்சு புண்படுத்திய ஒரு சம்பவம் இன்னும் நினைவில் உள்ளது. நெடுந்தூர ஓட்டத்தில் திறமையான ஒரு மாணவன், பயிற்சிக் காலத்தின் நடுவில் உதட்டில் கொப்புளத்தோடு வகுப்புக்கு வந்தான். "ஆருடா மச்சான் கடிச்ச?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது, வகுப்பே சிரித்தது. அடுத்த நாளிலிருந்து பொருக்கு உதிரும் வரை அவன் பாடசாலைக்கு வரவில்லை. பயிற்சியும் விட்டுப் போயிற்று. அந்தக் கிழமையே பாட ஒழுங்கை மாற்றி வைரசுகளைப் பற்றிய பாடத்தை எடுத்தேன். உலக சுகாதார தாபனத்தின் மதிப்பீட்டின்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது ஏறத்தாழ 380 கோடிப் பேர், முதலாம் வகை ஹேர்ப்பீஸ் வைரசைத் தம் உடலில் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு அது சிறுபராயத்தில், தாயோ அம்மம்மாவோ சித்தியோ அன்போடு கொடுத்த ஒரு முத்தத்தாலோ வீட்டில் மாறிப் புழங்கிய ஒரு குவளையாலோ வந்திருக்கும். பலருக்கு வாழ்நாளில் ஒரு கொப்புளம்கூட எழுவதில்லை. சிரித்தவர்களில் பெரும்பகுதியினரின் நரம்பு முடிச்சிலும் அதே வைரசு இருந்திருக்க வேண்டும் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டே காட்டினேன். அவன் திரும்பி வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட கேலியை ஒரு பிள்ளையின் தலையில் போடுவது நியாயமே இல்லாத செயல். ஆசிரியர் அங்கேயே அதைத் தடுக்க வேண்டும்.

கேலி தவறு என்பதால் கவனம் வேண்டாம் என்று பொருளாகாது. குறுகுறுப்புத் தொடங்கியதிலிருந்து பொருக்கு முழுவதும் உதிர்ந்து தோல் ஆறும் வரை அந்த இடம் மற்றவருக்குத் தொற்றும். அந்த நாட்களில் தண்ணீர்ப் போத்தல், கரண்டி, துவாய் ஆகியவற்றைத் தனியாக வைத்திருக்க வேண்டும். கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது. தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கழுவாத கையால் கண்ணைக் கசக்கினால் வைரசு கண்மணியை மூடியுள்ள தெளிந்த படலத்தைத் தாக்கிப் பார்வையையே கெடுக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, அந்த நாட்களில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போகாமலிருப்பது. பிறந்த சில வாரங்களில் இந்த வைரசு தொற்றினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. எங்கள் ஊரில் குழந்தையைத் தூக்கி உச்சி முகராமல் வருவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதால், இதைப் பெண்பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்கிறேன். அக்கா வீட்டிலோ மாமி வீட்டிலோ குழந்தை பிறந்திருந்தால் கொப்புளம் முழுவதும் ஆறிய பிறகு போனால் போதும்.

மருந்து விடயத்தில்தான் இரண்டையும் பிரித்தறிவது மிகவும் தேவைப்படுகிறது. உதட்டுக் கொப்புளத்துக்கு அசைக்ளோவிர் களிம்பைக் குறுகுறுப்புத் தொடங்கிய உடனேயே நாளுக்கு ஐந்து தடவை, ஐந்து நாட்கள் பூசினால் ஆறும் காலம் ஒரு நாளளவில் குறையும். கொப்புளம் உடைந்த பிறகு பூசுவதில் பெரிய பயன் இல்லை. அதே களிம்பை வாய்ப்புண்ணுக்குப் பூசினால் எதுவும் நடக்காது, ஏனெனில் அங்கே வைரசு இல்லை. வாய்ப்புண்ணுக்கு வைத்தியர் தரும் ட்ரையம்சினலோன் போன்ற ஸ்டீரொய்ட் பசை நோயெதிர்ப்பின் வேகத்தைத் தணிப்பது. அதை ஹேர்ப்பீஸ் கொப்புளத்தில் பூசினால் வைரசுக்கு வழி திறந்துவிட்டதாகிவிடும். பாமசியில் "வாய்ப்புண்ணுக்கு மருந்து தாங்க" என்று மட்டும் கேட்டு வாங்குவது இதனால்தான் ஆபத்தாகிறது. எங்கே வந்திருக்கிறது என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். உதட்டின் உட்புறம், உட்கன்னம், நாக்கின் அடி, நாக்கின் ஓரம் ஆகிய மென்மையான இடங்களில் வெளிறிய தரையோடு வருவது பெரும்பாலும் வாய்ப்புண். அது யாருக்கும் தொற்றாது. உதட்டின் வெளிவிளிம்பில் கொப்புளமாகத் தொடங்குவது ஹேர்ப்பீஸ். வாய்க்குள் அது வந்தால் முரசு, மேலண்ணத்தின் கடினமான பகுதி ஆகியவற்றிலேயே பெரும்பாலும் வரும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பைக் கரைத்த வெதுவெதுப்பான நீரால் கொப்பளிப்பது நல்லது. தேங்காய்ப்பாலை வாயில் வைத்திருந்தால் எரிவு சற்றுத் தணியும். தயிரும் நன்றாகக் குழைத்த சோறும் புண்ணுள்ள நாட்களில் வலியில்லாமல் இறங்கும். படிகாரத் தூளையோ தேசிக்காய்ச் சாற்றையோ நேரே புண்ணில் வைத்து "எரிஞ்சாத்தான் மாறும்" என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. அது புண்ணின் தரையை மேலும் அரித்துவிடும். மஞ்சள் நிற விற்றமின் குளிசையை எல்லோரும் வாங்கி விழுங்குகிறார்கள். இஸ்ரேலில் 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், விற்றமின் பி12 ஐ நாளுக்கு 1000 மைக்ரோகிராம் வீதம் நாக்கின் கீழ் வைத்து ஆறு மாதம் எடுத்தவர்களுக்குப் புண்கள் குறைந்தன. சாதாரண பி தொகுதிக் குளிசையில் அந்த அளவின் சிறு பகுதியும் இருக்காது. ஆகவே இரண்டு நாள் விழுங்கிவிட்டுப் புண் மாறியது என்றால், அது தானாக ஆறும் நாளில் ஆறியிருக்கிறது.

வாய்ப்புண் அடிக்கடி வருவதற்குப் பின்னால் இரும்புச்சத்து, பி12, போலிக் அமிலம் ஆகியவற்றின் குறைபாடு சிலரிடம் ஒளிந்திருக்கும். சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி ஒரு புண் ஆற முன் அடுத்த புண்ணோடு வந்துகொண்டிருந்தாள். "மிஸ், வாய் அவிஞ்சி போச்சு, சோறு தின்ன ஏலா" என்பாள். பெற்றார் கூட்டத்துக்கு வந்த தாய், "அது சூட்டுல வாறதுதான் மிஸ், இளநி குடுத்தா மாறிரும்" என்றார். கீழிமையை இழுத்துப் பார்த்தபோது அங்கே சிவப்பே இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதாகவும் சொன்னாள். "இளநியும் குடுங்கம்மா, ஆனா ஒருக்கா இரத்தமும் பாத்துக்கொண்டு வாங்க" என்று கேட்டுக்கொண்டேன். வைத்தியசாலையில் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபினும் உடலிலுள்ள இரும்புச் சேமிப்பும் நன்றாகக் குறைந்திருந்தன. மாதவிடாயில் கூடுதலாக இரத்தம் போவதும் பின்னர் தெரியவந்தது. இரும்புக் குளிசையை மாதக்கணக்கில் ஒழுங்காக எடுத்த பிறகு புண்கள் முற்றாக நிற்காவிட்டாலும் இடைவெளி நீண்டது. உயர்தரப் பரீட்சையை அவள் களைப்பில்லாமல் எழுதினாள் என்பதையே பெரிய விடயமாக நினைக்கிறேன்.

இந்த இடத்தில் பாடசாலைகளில் கிழமைக்கு ஒருமுறை வழங்கப்படும் இரும்புச்சத்து, போலிக் அமிலக் குளிசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை வாங்கிக் கொம்பாஸ் பெட்டிக்குள் போட்டுவிட்டு விழுங்காமல் விடும் பிள்ளைகள் பலர். மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு புரட்டுகிறது என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். கறுப்பாகப் போவது குளிசையின் இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. வயிறு புரட்டாமலிருக்க வெறும் வயிற்றில் எடுக்காமல் இடைவேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம். சாப்பிட்ட கையோடு வெறுந்தேநீர் குடிக்கும் பழக்கம் எங்கள் பகுதியில் எல்லா வீட்டிலும் உண்டு. தேயிலையிலுள்ள தனின் இரும்பை உடலுக்குள் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தேநீரை ஒரு மணித்தியாலம் பிந்திக் குடித்து, கீரைக்கும் பருப்புக்கும் தேசிக்காய்ப் புளி சேர்த்தால் உடல் எடுக்கும் இரும்பு கூடும். பி12 மரக்கறியில் கிடைப்பதில்லை. மீன், முட்டை, பால், தயிர் ஆகியவற்றில் கிடைக்கிறது. வாவி மீனும் எருமைத் தயிரும் உள்ள ஊரில், காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, டியூசனுக்குப் போகும் வழியில் ஒரு பக்கெற் மிக்சரோடு பொழுதைக் கழிக்கும் பிள்ளைக்குத்தான் அது குறைகிறது.

காய்ச்சலோடு வாய் புண்ணாகும்போது தனியாக யோசிக்க வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மழைக்காலத்தில் டெங்கு வருவது வழமையாகிவிட்டது. புண் வலிக்கிறதென்று ஐபுபுரோபன், டைக்ளோபெனாக் போன்ற வலி மாற்றிகளைக் காய்ச்சலோடு விழுங்கினால் இரத்தக் கசிவுக்கு இடமுண்டு. பரசிற்றமோலோடு நின்றுகொண்டு வைத்தியரிடம் போவதே சரி.

வைத்தியரிடம் போயே ஆக வேண்டிய வேறு நிலைகளும் உள்ளன. வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பிலும் புண் வருவது, கண் சிவந்து பார்வை மங்குவது, நாள்பட்ட வயிற்றோட்டம், உடல் மெலிவு ஆகியவை உடலின் வேறு நோய்களின் அடையாளமாக இருக்கலாம். பிறப்புறுப்புப் புண்ணைப் பற்றிப் பிள்ளைகள் வெட்கத்தால் வாய் திறக்க மாட்டார்கள். வைத்தியர் கேட்டால் மறைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறேன். மூன்று கிழமை கடந்தும் ஆறாத எந்தப் புண்ணையும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இலங்கை ஆண்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் அரிது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு ஒன்றே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்டுள்ளது. பாக்குக் கலவையான மாவா, பாபுல் பொட்டலங்களைத் தொட்டுப் பார்க்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் புண்ணைப் பரீட்சைக்கால வாய்ப்புண்ணோடு சேர்த்து எண்ணக் கூடாது.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் மாவட்டத்தின் ஆதார வைத்தியசாலைகளிலும் பல் சிகிச்சைப் பிரிவு உண்டு. அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. போகும்போது வாயைக் காட்டினால் மட்டும் போதாது, ஏனெனில் முறை வரும் நாளில் புண் ஆறிப் போயிருக்கலாம். புண் தெளிவாகத் தெரியும் நாளில் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்த இடத்தில் வருகிறது, எத்தனை நாளில் ஆறுகிறது, வீட்டில் வேறு யாருக்கு உண்டு, என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள் என்பவற்றை ஒரு கடதாசியில் எழுதி, புண் வந்த நாட்களைக் குறித்த நாட்காட்டித் தாளையும் கையோடு கொண்டு போங்கள். அடிக்கடி வருகிறதென்றால், இரத்தத்தில் இரும்பு, பி12, போலிக் அமில அளவைப் பார்க்க முடியுமா என்று நீங்களே கேளுங்கள்.